துண்டுக்கு வைத்தியம்

எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் போன சித்திரையிலிருந்து துண்டுகளுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். நோயாளிகள் வரவேண்டியதில்லை.

அதற்கு முன்பு நாங்களும் எல்லா ஊரையும் போலத்தான் இருந்தோம். விடிவதற்குள் போய் வராந்தா பெஞ்சில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீக்கடைக்குப் போவோம். செருப்பை வைத்து இடம் பிடித்தவர்களும் உண்டு. செருப்பை நாய் கவ்விக்கொண்டு போய்விடும். தண்ணீர் பாட்டிலை வைத்தால் யாராவது குடித்துவிடுவார்கள். துண்டை யாரும் தொடமாட்டார்கள். போட்ட இடத்தில் அது கிடக்கும்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து அமைப்புப் பொறியாளர்கள் வந்தார்கள். தொழிற்சாலைகளில் வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்து கொடுக்கிறவர்கள். மருத்துவமனையையும் அப்படியே சரிசெய்யலாம் என்று அரசு நினைத்தது. அவர்கள் வராந்தாவில் நின்று கவனித்தார்கள். டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நோயாளி கழிப்பறையில் இருந்தார். ரத்தம் எடுக்கக் கூப்பிட்டால் மாத்திரை வரிசையில் நின்றார். சிலர் மயங்கி விழுந்து பாதையை அடைத்தார்கள். சிலர் சொந்தக்காரர்களைக் கண்டு பேசப் போய்விட்டார்கள். தேக்கத்துக்குக் காரணம் நோயாளிகள்தான் என்று பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மொத்த அமைப்பிலும் நம்பத்தக்கவையாக இருந்தவை பெஞ்சில் கிடந்த துண்டுகள். ஆகவே துண்டுகளை உள்ளே எடுத்துக்கொண்டு நோயாளிகளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

தரையில் மஞ்சள் நிறத்தில் அம்புக்குறிகள் வரைந்தார்கள். துண்டு ஒரு பிளாஸ்டிக் கூடையில் படுத்துக்கொண்டு, அம்புக்குறி காட்டும் வழியில் ஒவ்வோர் அறையாகப் போகும். டாக்டர் அதன் நடுவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். ஊசியை ஓரத்து மடிப்பில் போடுவார்கள். மாலைக்குள் வீட்டிலிருக்கும் ஆளுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மணியார்டர் எப்படி வந்து சேர்ந்தது என்றும் நாங்கள் கேட்டதில்லை.

ஒரே நிபந்தனை, அது புழங்கிய துண்டாக இருக்கவேண்டும். ஆரம்பத்தில் சிலர் மரியாதைக்காகப் புதுத் துண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரேயில் அதை நெய்தவரின் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. எங்கேயோ சில தறிக்காரர்கள் காரணம் தெரியாமல் குணமாகியிருப்பார்கள்.

என் மனைவி சண்முகவடிவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டு வந்தது. முதலில் மாடிப்படியில் மூச்சு வாங்கினாள். பிறகு சமதரையிலும் வாங்கினாள். ஆடி பிறந்தபோது அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்கினாள். நான் பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எனக்கு வியர்த்துவிடும். வால்வை விரித்துவிடவேண்டும், தள்ளிப்போட்டால் ஒருநாள் மூடிக்கொள்ளும் என்று எங்கள் தெரு டாக்டர் சொன்னார். என்றைக்கு என்று அவர் சொல்லவில்லை.

நான் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். இடம் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் கூட்டமாக இருந்ததால் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தேன். பெஞ்சில் மடங்காமல் விழுந்தது.

உள்ளே இருந்த சிஸ்டர் ராஜகனி நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல அவளுக்கு. சண்முகவடிவு. வால்வு."

துண்டின் முனையில் பெயர்ச்சீட்டைக் குத்தினார். கூடை நகர்ந்தது.

துண்டை உள்ளே அனுப்பியவர்கள் வெளியே ஜன்னலோரம் நிற்பது வழக்கம். நிற்பதால் பயன் ஒன்றுமில்லை. எனக்குப் பக்கத்தில் மாசானம் நின்றார். தெருத்தெருவாக சைக்கிளில் மீன் விற்கிறவர். அவருக்குக் குடலிறக்கம்.

"உம்ம துண்டப் பாரும் அண்ணாச்சி, ராசா மாதிரி காலை நீட்டிப் படுத்திருக்கு. எந்துண்டு மூலையில சுருண்டு கெடக்கு."

"அது என்ன செய்யும்?"

"அதைச் சொல்லலவே. வீட்டுலயும் நான் அப்படித்தான கெடக்கேன். அது எப்படிக் கண்டுபிடிச்சிதுன்னு பாக்கேன்."

பகல் உணவுக்கு முன்பே முடிவு வந்துவிட்டது. சண்முகவடிவின் இருதயம் நன்றாக இருக்கிறது, வால்வுகள் திறந்து மூடுகின்றன, கொஞ்சம் டீயைக் குறைக்கலாம் என்றார்கள். சுவரில் இருந்த பெரிய பலகையில் குணமானவர்களின் கோடு ஒரு புள்ளி மேலே ஏறியது.

நான் பேருந்து நிலையத்துக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடினேன். வடிவு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கறுத்திருந்தது.

"குணமாயிட்டுன்னு சொல்லுதாவ," என்றேன்.

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

அவள் பதில் சொல்ல மூச்சைத் திரட்டினாள். அதற்கு நேரமானது. "எந்தத் துண்டக் கொண்டுபோனிய?"

என் தோளைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு இடம் பிடிப்பது ஆணின் துண்டுதான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கணவன் துண்டைப் போடுவான். மனைவி போய் அதன்மேல் உட்காருவாள். கணவன் கம்பியைப் பிடித்து நிற்பான். கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் பிராகாரத்தில், சர்க்கஸில், எல்லா இடத்திலும் அப்படித்தான். இடம் அவளுடையது, துண்டு என்னுடையது. இதில் தவறு இருக்கக்கூடும் என்று நினைக்க எங்களுக்கு இதுவரை சந்தர்ப்பம் வந்ததில்லை.

"இனி டீயைக் குறைங்க," என்றாள் வடிவு.

அவளுடைய பழைய சேலைக் கிழிசல் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். சிஸ்டர் ராஜகனி அதைக் கையில் வாங்கவில்லை.

"பேரு ஒருதடவதான் உள்ள போகும் அண்ணாச்சி. அவங்க குணமாயிட்டாங்க. குணமானவங்களுக்கு அனுமதி கிடையாது."

"அது என் துண்டு, சிஸ்டர்."

"பொம்பளைக்கு ஆம்பிளத் துண்டையா போட்டிய?"

"எப்பமும் அப்படித்தான போடுதோம்?"

"ஆமா," என்றார். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்." பிறகு பொறியாளரின் அறையைக் காட்டினார்.

பொறியாளர் நிரஞ்சனாவுக்கு என் மகள் வயது இருக்கும். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, நான் சொல்வதை முழுவதும் கேட்டார். கணினியில் பார்த்தார்.

"சார், சிஸ்டத்துல உங்க வைஃப் நல்லா இருக்காங்க."

"வீட்டுல மூச்சு வாங்குதும்மா."

"அது சிஸ்டத்துக்கு வெளிய சார்."

"உள்ள கொண்டுவர வழி இருக்கா?"

அவர் எழுந்து போய்த் தரையில் இருந்த அம்புக்குறிகளைக் காட்டினார். எல்லாம் ஒரே திசையில் போயின. பின்னோக்கிய அம்பு ஒன்று வரைந்தால் அதன்மேல் இரண்டு கூடைகள் மோதும், மோதினால் அன்று மாலைக்குள் மாவட்டம் முழுவதும் மூச்சுத் திணறும் என்று விளக்கினார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கும் கவலையாகத்தான் இருந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணு செய்யலாம் சார். அவங்க பேருல இருக்கிற துண்டு ஓய்வு வார்டுல இருக்கு. குணமான துண்டை உடனே அனுப்ப மாட்டோம், கொஞ்ச நாள் வெச்சிருப்போம். அதுக்குள்ள அது அவங்க துண்டா மாறிட்டா, அடுத்த பரிசோதனையில தெரிஞ்சிடும்."

"எப்படி மாறும்?"

"அவங்க அதுல முகம் துடைக்கணும். நிறைய."

துண்டு வெளியே வரக்கூடாது. நோயாளி உள்ளே போகக்கூடாது. ஆனால் பார்வையாளர் போகலாம். ஆகவே வடிவு தன் துண்டைப் பார்க்கப் போகும் பார்வையாளராக மருத்துவமனைக்கு வந்தாள். வழக்கம் தப்பக்கூடாது என்று ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டோம்.

ஓய்வு வார்டு மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் கூடைகளுக்கு மட்டும். சக்கர நாற்காலி போகும் சாய்வுப் பாதையில் அவள் ஏறினாள். நான் பின்னால் போனேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள், ஏறினாள், மறுபடி நின்றாள். அவளுடைய மூச்சு கதவிடுக்கில் காற்றுப் போவதுபோல் கேட்டது. ஒரு திருப்பத்தில் கண்கள் மேலே செருகின. நான் அவள் பெயரைச் சொன்னேன். சிரமப்பட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கத்தாதிய. ஆஸ்பத்திரி."

என் துண்டு வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில், தலையணைமேல், நல்ல நிறத்தில் கிடந்தது. வடிவு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதைவிட ஆரோக்கியமான ஒன்று அந்த அறையில் இல்லை. அவள் அதை எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை. சிஸ்டர் ராஜகனி சாத்துக்குடியை உரித்துத் துண்டின் பக்கத்தில் வைத்தார்.

இப்படிப் பல நாட்கள் போனோம். அவள் துடைத்தாள், முகர்ந்தாள், மடியில் போட்டுக்கொண்டாள். ஒருநாள் பேருந்து நிலையத்தில், கோவில்பட்டி வண்டியின் நேரத்தை மைக்கில் சொல்லும்போது எனக்கு மூச்சு நின்றது. ஊர்ப்பெயரைப் பாதியில் விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போனபோது வடிவு ஒரு தலையணையைக் குறைத்திருந்தாள்.

மறுபரிசோதனையில் துண்டுக்குப் பாதி நோய் என்று வந்தது. இருதய டாக்டர் கத்தியை மூடி வைத்துவிட்டார்.

"பாதிக்கெல்லாம் கத்தி வைக்கிறதில்ல. முழுசா வரட்டும்."

முழுதாக வரவேண்டுமானால் நான் துண்டிலிருந்து போகவேண்டும். என் வேர்வை அதில் அத்தனை வருடம் ஏறியிருந்தது. துவைக்கலாமா என்று கேட்டேன். துவைத்தால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்றார் டாக்டர்.

பாதி வால்வு ஆளுக்குக் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு அதுவும் சுருங்கும். சுருக்கம் நின்றுவிடவில்லை, பங்குதான் பிரிந்திருக்கிறது. அந்தப் பங்கோடு இருவரும் சாய்ந்து உட்கார்ந்து, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தோம். முன்பு நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் வித்தியாசம்.

நிரஞ்சனாவுக்கு மட்டும் இந்த முடிவு பிடித்திருந்தது. பலகையின் முன்னால் நின்று தனக்குத்தானே பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு குழாய்ல அடைப்புன்னா பக்கத்துக் குழாயோட இணைச்சு விடுவோம் சார். ரெண்டு போதலைன்னா நாலு. நோயைக் குறைக்க முடியலைன்னா ஆளைக் கூட்டணும்."

"யாரு வருவா?"

"அது எனக்குத் தெரியாது. ஊர் உங்க ஊர்."

நான் தயங்கித்தான் மாசானத்திடம் சொன்னேன். அவர் துண்டுக்கு அறுவை முடிந்து, அவர் வீட்டில் கட்டுப் போடாமலே ஆறியிருந்தார்.

"அண்ணாச்சி, வடிவு அக்கா ஆஸ்பத்திரியில இருக்கிறத ஊருக்குச் சொன்னீரா?"

"அவ வீட்டுல இருக்கா. துண்டுதான் ஆஸ்பத்திரியில இருக்கு."

"பேரு யாரு பேரு?"

"அவ பேரு."

"அப்ப அக்காதான இருக்காவ. இதைச் சொல்லாம வச்சிருக்கீரே! நாளைக்கு ஒருத்தன் மூஞ்சில முழிக்க முடியுமா?"

எங்கள் ஊரில் மருத்துவமனையில் படுத்தவரைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. அது ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். பேசாதிருக்கும் சொந்தங்களில் பாதிப்பேர் இந்த ஒரு காரணத்துக்காகப் பேசாதிருக்கிறார்கள். மாசானம் மறுநாள் மீனோடு இந்தச் செய்தியையும் கூவினார். அயிலை, சாளை, டைம்கீப்பர் சம்சாரம் ஆஸ்பத்திரியில.

மாலையே வரத் தொடங்கினார்கள். எங்கள் தெரு வந்தது. பிறகு பக்கத்துத் தெருக்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், டீக்கடைக்காரர், பேருந்து நிலையத்தில் குறி சொல்கிறவர். எல்லோர் கையிலும் ரொட்டியும் சாத்துக்குடியும். கட்டிலின் பக்கத்தில் நின்று துண்டைப் பார்த்து, "இளைச்சுட்டாளே" என்றார்கள். சிஸ்டர் ராஜகனி ஒவ்வொருவரிடமும் துண்டை நீட்டினார். வாங்கி முகம் துடைத்தார்கள். வாங்காவிட்டால் மரியாதைக் குறைவு. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வடிவிடம் யாரும் நலம் விசாரிக்கவில்லை. அவளும் பார்க்க வந்தவள்தானே.

முறுக்குக் கடை செல்லையா மட்டும் வாசலோடு நின்றார். ஏதோ ஒரு கல்யாணத்தில் நான் அவரைக் கவனிக்காமல் போனதாக அவருக்குக் கோபம்.

"ஊரான் வீட்டு மூச்சு எனக்கு எதுக்கு?" என்றார்.

"உம்ம கடை முறுக்க நாங்க கடிக்கோம்லா, அதுல போகாத உசுரா இதுல போகப் போகுது?" என்றார் மாசானம். "துடையும்வே."

செல்லையா உள்ளே வந்து நெற்றியை மட்டும் துடைத்தார். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

ஆள் ஏற ஏற வடிவு தலையணைகளைக் குறைத்தாள். புரட்டாசியில் மல்லாந்து படுத்தாள். அவள் நிம்மதியாகத் தூங்க, நான் வழக்கப்படி விழித்திருந்தேன். ஊரில் எல்லோருக்கும் ஒரு சிறிய பெருமூச்சு வழக்கமாகிவிட்டது. மேடையில் பேசுகிறவர்கள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார்கள். கபடி ஆட்டத்தில் பாடிப்போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே திரும்பினார்கள்.

ஆனால் வால்வு சுருங்கிக்கொண்டே போனது. டாக்டர் வாரந்தோறும் துண்டில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஐப்பசியில் அவர் காதிலிருந்து அதை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூடப்போகுது."

நான் நிரஞ்சனாவிடம் போனேன். அவர் நகங்களில் கடிக்க எதுவும் மிச்சமில்லை.

"மூடறதும் பங்கு பிரியும் சார். ஆளுக்குக் கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா எவ்வளவும்மா?"

"ஊர் முழுக்க வந்தாங்களா?"

"வந்தாங்கன்னுதான் நினைக்கேன்."

"நினைக்கக்கூடாது சார்."

அதற்குப் பிறகு நான் தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் துடைத்தாரா இல்லையா என்று நினைவுகூர முயன்றேன். வெளியூருக்குப் பெட்டியோடு பஸ் ஏறுகிறவர்களைக் கண்டால் எப்போது திரும்புவார்கள் என்று போய்க் கேட்டேன். ஒரு கல்யாணக் கோஷ்டி புறப்பட்டுப் போனபோது நான் நேரத்தைத் தப்பாக அறிவித்து வண்டியைத் தவறவிட வைத்தேன். அவர்கள் திட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது மூடியது.

வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் கை நின்றது. என் கையும் நின்றது. தெருவில் மாசானத்தின் குரல் சாளையின் நடுவில் அறுந்தது. பேருந்துகள் நின்ற இடத்தில் நின்றன. செல்லையாவின் முறுக்கு எண்ணெயில் கருகியது. பள்ளிக்கூடத்தில், தாலுகா கச்சேரியில், சிஸ்டர் ராஜகனியின் மேசையில், எல்லா இடத்திலும் நாங்கள் இறந்துபோனோம். வலி இல்லை. ஈரத் தரையில் கன்னத்தை வைத்ததுபோல் குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு, ஆளுக்குக் கொஞ்சமாக வந்த சாவு முடிந்துவிட்டது. எனக்குக் கொட்டாவி வந்தது. வடிவைப் பார்த்தேன். அவள் தன் பங்குக்குமேல் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள்.

"அடுப்பு பத்தவைக்கலாமா?" என்று கேட்டாள்.

யோசித்தோம். இறப்பு நடந்த வீட்டில் அன்று அடுப்பு எரியக்கூடாது. எல்லார் வீட்டிலும் நடந்திருந்தது. ஊர் முழுக்கத் தலைமுழுகினோம். கோயில் நடை சாத்தப்பட்டது, பூசாரிக்கும் தீட்டு. யார் போய் யாரிடம் துக்கம் விசாரிப்பது என்று தெரியாமல் அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். தெருத்தெருவாக எங்கள் எதிரே உட்கார்ந்து, கொஞ்சநேரம் தலையைக் குனிந்திருந்தார்கள். அண்டாக்களில் சோறும் ரசமும் கொண்டுவந்திருந்தார்கள். வடிவு இரண்டாம் முறையும் சோறு வாங்கி, ரசத்தில் உப்புக் குறைவு என்று என் காதில் சொன்னாள். இருட்டுவதற்குள் அவர்கள் எழுந்து, துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேனில் ஏறிப் போனார்கள்.